குப்பையாவதற்கு முன்பே

2021 மே மாதம் கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே எக்ஸ்-பிரஸ் பேர்ல் என்ற சரக்குக் கப்பல் தீப்பிடித்து, ஜூனில் மூழ்கியது. ஏறத்தாழ 1,680 டன் பிளாஸ்டிக் குருணை கடலில் கலந்தது. பருப்பு அளவேயான வெள்ளை மணிகள் நீர்கொழும்புப் பக்கத்துச் சரக்குவ கரையில் அலைக்கு அலை ஒதுங்கின. தீயில் உருகியவை கரிக்கட்டிகளாக வந்தன. கடற்படையினர் மணலோடு அள்ளிச் சாக்குகளில் கட்டினார்கள். மீனவர்கள் தொழிலுக்குப் போக முடியாமல் முடங்கினார்கள். இந்த மணிகளில் ஒன்றைக்கூட யாரும் பயன்படுத்தி எறியவில்லை. புத்தம்புது மூலப்பொருள் அது. குப்பையை ஒழுங்காக அள்ளாததால்தான் பிளாஸ்டிக் மாசு வருகிறது என்ற வாதம் அந்த ஒரு கரையிலேயே பொய்த்துப்போனது. விபத்தை வைத்து விதி பேசலாமா என்று கேட்கலாம். 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் மூழ்கியபோது, அதே போன்ற குருணை கேரளக் கரையோடு கன்னியாகுமரிக் கரைக்கும் வந்தது.

உலக நாடுகளோ அரை நூற்றாண்டாக அந்த வாதத்தை நம்பியே சட்டம் செய்தன. கடலில் கொண்டுபோய்க் கொட்டக்கூடாத பொருள்களில் அழியாத பிளாஸ்டிக்கையும் சேர்த்தது 1972-ஆம் ஆண்டின் லண்டன் உடன்படிக்கை. கப்பல்கள் தங்கள் பிளாஸ்டிக் குப்பையைக் கடலில் வீசுவதற்கு 1988 டிசம்பர் 31 முதல் தடை போட்டது மார்போல் உடன்படிக்கையின் ஐந்தாம் இணைப்பு. 2018-இல் சீனா வெளிநாட்டுக் குப்பைக்குக் கதவடைத்ததும் மேலை நாட்டுக் கழிவு மலேசியா, இந்தோனேசியாப் பக்கம் திரும்பியது. மறுஆண்டே, நார்வே முன்மொழிந்தபடி பாசல் உடன்படிக்கை திருத்தப்பட்டு, கலப்படமான பிளாஸ்டிக் கழிவை அனுப்பும் முன் பெறும் நாட்டின் சம்மதம் கட்டாயமானது. வேண்டாம் என்று சொல்லும் உரிமை எளிய நாடுகளுக்குக் கிடைத்தது பெரிய காரியம். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் குப்பை எங்கே போகிறது என்று பார்த்த இவை எதுவும், எவ்வளவு உற்பத்தியாகிறது என்று கேட்கவில்லை. 2000-இல் 23.4 கோடி டன்னாக இருந்த உலக உற்பத்தி 2019-இல் 46 கோடி டன்னானது என்கிறது ஓ.இ.சி.டி. அமைப்பின் கணக்கு. கழிவில் மறுசுழற்சியானது 9 சதவீதம்தான்.

2022 மார்ச் 2 அன்று நைரோபியில் 175 நாடுகள், பிளாஸ்டிக்கின் பிறப்பு முதல் இறுதிவரை தழுவிய ஒப்பந்தம் வேண்டும் என்று தீர்மானித்தன. பேச்சு முறிந்ததும் அந்தப் பிறப்பு விஷயத்தில்தான். 2024 இறுதியில் பூசானில் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் உற்பத்தியைக் குறைக்கச் சொன்னபோது எண்ணெய் நாடுகள் மறுத்தன. இந்தியாவும் உற்பத்திக் கட்டுப்பாட்டை ஏற்கவில்லை. 2025 ஆகஸ்டில் ஜெனீவாவிலும் உடன்பாடு இல்லை. தலைக்கு மிகக் குறைவாகப் பிளாஸ்டிக் பயன்படுத்தும் நாடு வளர்ச்சியை ஏன் பலிகொடுக்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. அதற்கு விடை 1987-இன் மான்ட்ரியல் நெறிமுறையில் இருக்கிறது. ஓசோனை அரித்த வாயுக்களின் உற்பத்திக்கே அது வரம்பு கட்டியது. வளரும் நாடுகளுக்குப் பத்தாண்டு அவகாசமும் பிறகு தனி நிதியும் கொடுத்தது. நிதி உறுதியான பிறகு இந்தியாவும் 1992-இல் சேர்ந்தது. அந்த வாயுக்களுக்கு மாற்று இருந்தது, ரத்தப் பைக்கு என்ன மாற்று என்பார்கள். ரத்தப் பையை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை; கழிவில் 40 சதவீதம் பொட்டலம் கட்டும் பிளாஸ்டிக், அதில் தொடங்கலாம். மான்ட்ரியல் நெறிமுறையில், ஒருமித்த முடிவு கிட்டாதபோது மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் வரம்பை இறுக்க வழி இருக்கிறது. பிளாஸ்டிக் பேச்சில் எல்லாரும் ஒப்பினால்தான் நகர்வு என்ற வழக்கத்தை முதலில் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் விற்கும் ஒருசில நாடுகளே அடுத்த கூட்டத்தையும் முடித்துவைக்கும்.