உலக டார்ட்ஸ் வாகைப் போட்டி

உலக டார்ட்ஸ் வாகைப் போட்டி என்பது, வட்டப் பலகையில் சிற்றம்பு எறியும் டார்ட்ஸ் விளையாட்டுக்காகத் தொழில்முறை டார்ட்ஸ் கழகம் ஆண்டுதோறும் நடத்தும் போட்டித் தொடர் ஆகும். 1994 இல் தொடங்கிய இது, 2008 முதல் இலண்டன் அலெக்சாண்டிரா அரண்மனையில் நடைபெறுகிறது.

ஆட்ட முறை

ஒவ்வொருவரும் 501 புள்ளிகளில் தொடங்கி, முறைக்கு மூன்று அம்புகள் எறிந்து, பெறும் புள்ளிகளைக் கழித்துச் சரியாகச் சுழியத்தை அடைய வேண்டும். இறுதி அம்பு இரட்டைப் புள்ளி வளையத்திலோ பலகையின் நடுப்புள்ளியிலோ பதிய வேண்டும். எனவே முன்னணியில் இருப்பவரும் கடைசி அம்பு தவறித் தோற்பதுண்டு.

வாகையாளர்கள்

இங்கிலாந்தின் பில் டெய்லர் இதனை 14 முறை வென்றுள்ளார். 2025 இல் 17 வயதில் வென்ற லூக் லிட்லர் மிக இளைய வாகையாளர் ஆவார்.

இந்தியர்

2019, 2020 ஆகிய தொடர்களில் முதல் சுற்றிலேயே தோற்ற நிதின் குமார், 2026 ஆம் ஆண்டுத் தொடரின் முதல் சுற்றில் நெதர்லாந்தின் ரிச்சர்ட் வீன்ஸ்ட்ராவை 3-2 எனத் தோற்கடித்து, இத்தொடரில் ஓர் ஆட்டத்தை வென்ற முதல் இந்தியரானார்.