ஊர்வாய்க் கதையும் ஆங்கில வாளும்

பேராதனைப் பல்கலைக்கழகத்துச் சிங்கள மாணாக்கர் ஆங்கிலத்துக்கு ஒரு பட்டப்பெயர் சூட்டியிருக்கின்றனர். ‘கடுவ’ என்பது அப்பெயர். தமிழில் வாள் என்று பொருள். உடையவன் கையில் அது அதிகாரம். இல்லாதவன் கழுத்தில் அது வெட்டு. மொழியியலறிஞர் திரு கந்தையா 1984ஆம் ஆண்டில் இப்பெயரையே தலைப்பாகக் கொண்டு கட்டுரை எழுதி, இந்நாட்டில் ஆங்கிலம் ஆதிக்கத்தின் கருவியாக இயங்கும் வகையை ஆராய்ந்தார். சிங்களக் கிராமத்து ஏழை மாணாக்கன் கண்டஞ்சும் அதே வாளைத் தோட்டத்து லயத்திலிருந்து வரும் தமிழ்ப் பிள்ளையும் கண்டு அஞ்சுகிறது. அச்சத்துக்கு மொழிவேறுபாடு இல்லை.

நான் தமிழ் கற்றுத் தமிழ் கற்பிக்க வந்தவன். கண்டியை அடுத்த மலைப்பகுதிப் பாடசாலையொன்றில், ஆங்கில ஆசிரியர் இல்லாத குறையால், ஈராண்டுகள் ஆங்கில வகுப்பும் என் பொறுப்பாயிற்று. பாடநூலைத் திறந்தால் வகுப்பு ஊமையாகிவிடும். மழை கனத்துப் பெய்த ஒருநாள் நூலை மூடிவிட்டு, “கண்டி வாவியின் நடுத்திட்டுக்கு அரண்மனையிலிருந்து சுரங்கவழி உண்டென்று சொல்கிறார்களே, கேட்டிருக்கிறீர்களா?” என்று வினவினேன். நாற்பது கைகள் உயர்ந்தன. ஆண்டு முழுவதும் வாய் திறவாத பையன் ஒருவன் எழுந்து, தெரிந்த பத்துப் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களை ஒன்றோடொன்று முட்டவிட்டு அச்சுரங்கத்தை விளக்கத் தொடங்கினான். அவனுக்குச் சொல் குறைவு. சொல்வதற்குச் செய்தி இருந்தது. பாடநூலோ சொல்லைத் தந்ததேயன்றிச் செய்தியைத் தரவில்லை.

அயலார் நம் மொழியைக் கற்ற விதம்

வேற்றுமொழியைக் கதையால் கற்பிப்பது புதிய முறையன்று. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் (1680–1747) பரமார்த்த குருவின் கதையை எழுதினார். மூடக் குருவும் அவருடைய ஐந்து சீடரும் ஆற்றைக் கடக்க அஞ்சி நிற்கும் அக்கதை, தமிழ் கற்க முனைந்த ஐரோப்பியருக்குப் பயிற்சிநூலாயிற்று. பெஞ்சமின் பாபிங்டன் 1822இல் அதனை ஆங்கில மொழிபெயர்ப்புடன் இலண்டனில் பதிப்பித்தார். சென்னையில் 1812இல் ஏற்பட்ட கோட்டைக் கல்லூரியிலே கும்பினி உத்தியோகத்தர் தமிழ் கற்றனர். அங்குப் பணியாற்றிய தாண்டவராய முதலியார் மராட்டியிலிருந்து பஞ்சதந்திரத்தைத் தமிழ் வசனமாக்கினார்; 1826இல் அது அச்சேறியது. வரி தண்டவும் வழக்குத் தீர்க்கவும் வந்தவர்களுக்கு நரியும் காகமும் தமிழ் கற்பித்தன.

கண்டியின் வரலாற்றில் இதனினும் கூர்மையான சான்று ஒன்றுண்டு. 1801இல் இலங்கைக்கு வந்த ஜோன் டொயிலி என்னும் ஆங்கிலேயர், மாத்தறையில் கரத்தோட்ட தம்மாராம தேரரிடம் சிங்களம் கற்றார். பின்னர் அரசாங்கத்தின் தலைமை மொழிபெயர்ப்பாளரானார். அவர் கற்ற சிங்களம் ஏட்டுச் சிங்களத்தோடு நிற்கவில்லை. கண்டி இராச்சியத்துக்கும் கரையோரத்துக்கும் இடையே நடமாடிய வணிகர், பிக்குகள், தூதர் முதலியோரிடம் அரண்மனைச் செய்திகளையும் சந்தை வதந்திகளையும் கேட்டுக் கேட்டுத் தம் நாட்குறிப்பில் பதிந்தார். 1810 முதல் 1815 வரையுள்ள அந்நாட்குறிப்பு, ஓர் இராச்சியம் வாய்மொழியால் அரிக்கப்பட்ட கதையாகும். 1815 மார்ச் 2ஆம் நாள் கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. நம் ஊர்வாய்க் கதைகளைக் கேட்டு நம் மொழியைக் கற்றவர்கள் நம் நாட்டைப் பெற்றனர்.

நமக்கு வந்த ஆங்கிலம்

நமக்கு ஆங்கிலம் வந்த வழி வேறு. ஆட்சிக்கு எழுத்தரும் துபாஷிகளும் தேவைப்பட்டனர். அதற்கேற்ற கல்வி வந்தது. நகரத்து வசதியுள்ளோர்க்குக் கண்டித் திரித்துவக் கல்லூரி 1872இல் தோன்றியது. மலையிலே கோப்பித் தோட்டங்களில் உழைத்தவர்களிடையே 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன், தாய்மொழியில் எழுத்தறிவித்தது. ஒரே மலையில் இரு கல்வி: பங்களாவுக்கு அருகே செல்லக்கூடியவனுக்கு ஆங்கிலம், லயத்திலே கிடப்பவனுக்கு அரிச்சுவடி. இப்பிரிவுதான் பின்னர் வாளாயிற்று.

ஆங்கிலம் கிட்டியவர்க்கும் அது தம் மண்ணோடு ஒட்டாமலே கிட்டியது. பனி பெய்யும் சாலையையும் கணப்பருகே அமர்ந்த பாட்டியையும் கண்டிச் சிறுவன் மனப்பாடம் செய்தான். இக்குறையை உணர்ந்தோர் இலர் என்று சொல்லலாகாது. 1904 முதல் 1924 வரை திரித்துவக் கல்லூரி அதிபராயிருந்த பிரேசர், ஆங்கிலமே கோலோச்சிய அக்காலத்தில் சிங்களத்தையும் தமிழையும் அங்குப் பாடங்களாக்கினார். தன் ஊரை அறியாதவன் உலகை அறியான் என்பதை ஓர் அயலார் கண்டுகொண்டார்.

வேண்டிய சாதனங்களும் ஆங்கிலத்திலேயே இருந்தன. 1660இல் சிறைப்பட்டு, கண்டியைச் சூழ்ந்த கிராமங்களில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வாழ்ந்து, 1679இல் தப்பிய றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் இம்மக்களின் வழக்கங்களையும் நம்பிக்கைகளையும் எழுதிவைத்தார். நீர்ப்பாசனப் பொறியியலாளராயிருந்த ஹென்றி பாக்கர் சிங்களக் கிராமக் கதைகளைத் திரட்டி 1910க்கும் 1914க்கும் இடையில் மூன்று பாகங்களாக ஆங்கிலத்தில் வெளியிட்டார். அவை அறிஞர் அலுமாரிகளை அடைந்தன. பிள்ளைகளின் மேசைக்கு வரவில்லை.

‘ஆம்’ என்னும் இடைச்சொல்

சுரங்கவழிக் கதைக்குப்பின் எங்கள் வகுப்பில் வாரம் ஒரு கதை வந்தது. இரவிலே கைக்குழந்தையுடன் வெள்ளைச் சேலை உடுத்து வண்டியை மறிக்கும் மோகினியின் கதையை எல்லாரும் அறிந்திருந்தனர். ஆனால் ஹந்தானைப் பிள்ளைகளுக்கு அது ஹந்தானைச் சாலையில் நடந்தது. கடுகண்ணாவைப் பிள்ளைக்கு அந்தக் கணவாயின் வளைவில் நடந்தது. கண்டவர் யார் என்றால், மாமாவின் கூட்டாளி, அக்காவின் தோழியின் தகப்பன். அமெரிக்க நாட்டுப்புறவியலாளர் ஜான் ஹெரால்ட் புரூண்வாண்ட் 1981இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூல், வண்டியில் ஏறி மறைந்துவிடும் இத்தகைய வழிப்போக்கர் பற்றிய கதையையே தலைப்பாகக் கொண்டது என்று சொன்னேன். தங்கள் வளைவில் நின்ற மோகினி அமெரிக்கச் சாலைகளிலும் நிற்கிறாள் என்றறிந்த பிள்ளைகளின் முகங்களில் முதலில் ஏமாற்றம், பிறகு சிரிப்பு. ‘கூட்டாளியின் கூட்டாளி’ கண்டதாகவே இத்தகைய கதைகள் எங்கும் சொல்லப்படுகின்றன.

இவ்விடத்தில் இலக்கணமே நமக்கு ஆசிரியராய் நின்றது. தமிழில் ‘ஒரு ராஜா இருந்தானாம்’ என்கிறோம். அந்த ‘ஆம்’, நான் காணவில்லை, கேட்டதைச் சொல்கிறேன் என்று அறிவித்துவிடுகிறது. சிங்களத்திலும் ‘லு’ என்னும் ஈற்றுச்சொல் இதே பணியைச் செய்கிறது. ஆங்கிலத்தில் இத்தகைய ஈறு இல்லை. ‘தே ஸே’ என்றோ ‘இட் இஸ் ஸெட்’ என்றோ தனியே எடுத்துரைக்கவேண்டும். விட்டுவிட்டால் கேள்வி உண்மையாகிவிடும். செயப்பாட்டு வினையும் பிறர்கூற்றும் என்று பாடநூல் வறண்ட அட்டவணைகளாகத் தருவதை, மோகினியையும் சுரங்கத்தையும் சொல்லும் தேவையால் பிள்ளைகள் கற்றனர். ‘சொல்கிறார்கள்’ என்றதும் ‘யார் சொல்கிறார்கள்?’ என்ற வினா எழுவதை என்னால் தடுக்க முடியவில்லை. தடுக்க விரும்பவுமில்லை.

அந்த வினாவைக் கண்டியின் கடைசி மன்னனிடம் கொண்டுசென்றோம். கண்ணுசாமி என்னும் இயற்பெயருடைய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் (1798–1815) நாயக்க மரபினன். வாவியை அமைத்தவன் அவன். வேலைசெய்ய மறுத்தோரை அவ்வாவியின் படுகையில் கழுவேற்றினான் என்பது ஊர்க்கதை. 1814இல் எகலப்பொலையின் குடும்பம் கொல்லப்பட்டது. பிள்ளைகளின் தலைகளை உரலில் இட்டு இடிக்கத் தாயே ஏவப்பட்டாள் என்ற கதை நாடெங்கும் பரவியது. ஜோன் டேவி 1821இல் வெளியிட்ட நூலில் அது ஆங்கிலத்தில் நிலைபெற்றது. மன்னனின் கொடுமையே ஆங்கிலேயர் அவனை நீக்கியதற்கு நியாயமாகக் காட்டப்பட்டது. 1815 ஒப்பந்தம் அவனை மட்டுமன்றி, ‘மலபார்’ எனப்பட்ட அவன் உறவினரையும் விலக்கியது. அவன் வேலூருக்கு அனுப்பப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தான். மானிடவியலறிஞர் கணநாத் ஒபயசேகர 2017இல் வெளியிட்ட நூலில் இக்கதைகள் யாரால், எந்த நோக்கத்தோடு திரட்டப்பட்டன என்று துருவி ஆராய்ந்து, டொயிலியின் ஒற்றர் வலையையும் வெள்ளையர் தேவையையும் சுட்டினார். மன்னன் குற்றமற்றவன் என்று நாம் வகுப்பில் தீர்ப்பளிக்கவில்லை. கொலை நடந்தது வேறு. கொலையைச் சொல்லும் கதையால் ஆதாயம் பெற்றவர் யார் என்பது வேறு. இரண்டையும் இருவேறு வாக்கியங்களில் எழுதப் பிள்ளைகள் கற்றனர்.

தேங்காயும் மாசியும்

பிறகொருநாள் ஒரு மாணவி தன் பாட்டி சொன்னதைக் கொண்டுவந்தாள். இலங்கையிலே தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்குமாம். மலையகத்தில் இதனைக் கேளாதார் இலர். 1867இல் ஹேவாஹெட்டைப் பகுதியின் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் பயிரிட்ட தேயிலை மலையெங்கும் பரவியபோது, அதற்கு வேண்டிய கைகளைத் தமிழகத்துக் கிராமங்களில் ஆள்கட்டிய கங்காணிமார் இத்தகைய பேச்சால் திரட்டினர் என்பது மக்களின் நினைவு. பஞ்சத்தால் வாடியவனுக்கு அந்த ‘ஆம்’ காதில் விழவில்லை. வந்தபின் அவன் கண்டது முற்பணக் கடனும், கடன் தீர்ந்தாலன்றி வேறு தோட்டம் செல்லவிடாத ‘துண்டு’ முறையும். 1921ஆம் ஆண்டுச் சட்டந்தான் அத்துண்டை ஒழித்தது. எழுத்தறியாதவன் கையில் துரை கொடுத்த எழுத்து விலங்காயிருந்தது.

பாட்டியின் கதையை அம்மாணவி ஆங்கிலத்தில் எழுதினாள். எழுதி முடித்ததும், “ஐயா, இப்பவும் ஏஜென்சிக்காரர் அப்படித்தானே சொல்றாங்க?” என்றாள். வெளிநாட்டு வீட்டுவேலைக்குச் செல்லும்போது அவளுடைய அக்காள் கையொப்பமிட்ட தாளில் ஆங்கிலம் இருந்ததாம். வீட்டில் ஒருவருக்கும் அது விளங்கவில்லையாம். சம்பளம் சொன்னபடி இல்லை என்பது போனபிறகே தெரிந்ததாம். என் மேசைமீது கிடந்த இலக்கணப் பயிற்சிகள் எதிலும் அவளுக்கு நான் விடைகாண முடியவில்லை.

ஊர்வாய்க் கதை எப்போதும் பழங்கதையாய் இருப்பதில்லை. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தின் உணவில் மலடாக்கும் மருந்து கலக்கப்பட்டது என்ற வதந்தி கைப்பேசிகளில் பரவியது. அது மாப்பொருட் கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். அதற்குள் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டுவிட்டன. சில நாட்களில், தெல்தெனியாவில் தாக்குண்ட ஒருவரின் மரணத்தைத் தொட்டு, மார்ச் மாதத்தில் திகனையும் அயலூர்களும் எரிந்தன. முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் அழிந்தன. எரிந்த வீட்டிலே ஓர் இளைஞர் மாண்டார். அரசு அவசரகால நிலையைப் பிறப்பித்தது. சமூக ஊடகங்களை முடக்கியது. டொயிலியின் காலத்தில் மாதங்கள் எடுத்த வேலையை இப்போது ஓர் இரவு செய்துவிடுகிறது. எங்கள் பாடசாலையிலும் அந்த வாரத்தில் பலரின் இருக்கைகள் வெறுமையாயிருந்தன.

ஆகவே ஊர்வாய்க் கதைகளைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது ஆபத்தில்லையா என்று சக ஆசிரியர்கள் கேட்டனர். நியாயமான கேள்வி. அச்சமூட்டுவதற்காகக் கதை சொல்லலாகாது. ஓர் இனத்தை இழிக்கும் கதையை ஆராயாமல் எழுதவிடலாகாது. ஆனால் நாம் வகுப்பில் சொல்லாவிட்டால் அக்கதைகள் மறைந்துவிடுவதில்லை. கேட்பாரற்று வெளியே உலவுகின்றன. வகுப்புக்குள் வரும் கதைக்கு யார் கண்டார், யார் சொன்னார், யாருக்குப் பயன் என்று மூன்று வினாக்களை ஆங்கிலத்தில் எழுப்ப வேண்டும் என்பது எங்கள் விதியாயிற்று. சிங்களப் பாடசாலைப் பிள்ளையும் இதே வினாக்களை இதே ஆங்கிலத்தில் எழுப்ப வல்லதாயின், தமிழும் சிங்களமும் தெரியாது பிரிந்து நிற்கும் இரு சிறுவர்க்கிடையில் அந்த வாள் ஒரு பாலமாகவும் கிடக்கக்கூடும்.

ஈராண்டு முடிவில் பொதுப்பரீட்சையில் என் வகுப்பு அதிசயம் ஒன்றும் நிகழ்த்திவிடவில்லை. தேறியவரும் உண்டு, தவறியவரும் உண்டு. ஆங்கில ஆசிரியர் ஒருவர் வந்து சேர்ந்ததும் நான் மீண்டும் தமிழ் வகுப்புக்குத் திரும்பினேன். ஆயினும் தேங்காய்க் கதையை எழுதிய அம்மாணவியின் கொப்பியை நான் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். எழுத்துப்பிழைகள் மலிந்த அப்பக்கத்தில் கடைசி வரி பிழையின்றி இருக்கிறது. தமிழில் சொன்னால், அது இது: ‘பாட்டனிடம் அதைச் சொன்னது யார்? அவன் அந்தத் தேயிலைத் தூரைத் தோண்டிப் பார்த்தானா?’