லக்கி பாம்பூ: சேலம், நாமக்கல் சமவெளியில் நலிந்த செடியை மீட்கும் முறை

லக்கி பாம்பூ என்பது கண்ணாடிக் குவளையில் தண்ணீரும் கூழாங்கல்லும் இட்டு வீட்டுக்குள் வளர்க்கப்படும் அழகுச் செடி. அதிர்ஷ்ட மூங்கில் என்றும் இதைச் சொல்வர். இதன் தாவரவியல் பெயர் டிரசீனா சாண்டரியானா. சேலம், நாமக்கல் மாவட்டங்களில் வரவேற்பறையிலும் கடை மேசையிலும் பரவலாக வைக்கப்படும் இச்செடியில் இலை நுனி கருகுதல், தண்டு மஞ்சளாதல், வேர் அழுகல் ஆகிய மூன்று கோளாறுகள் அதிகம். இவற்றில் பெரும்பாலானவை தண்ணீரால் வருபவை. எனவே மீட்பும் தண்ணீரிலிருந்தே தொடங்க வேண்டும்.

தாவர இயல்பு

மூங்கில் புல் குடும்பத்தைச் சேர்ந்தது. லக்கி பாம்பூவோ அஸ்பராகேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. வேலியோரங்களில் வளரும் ரயில் கற்றாழை, மூலிகையான தண்ணீர்விட்டான் கிழங்கு, நாருக்குப் பெயர் பெற்ற மருள் ஆகியவை இதன் உறவுகள். இதன் தாயகம் கேமரூனை உள்ளிட்ட மத்திய, மேற்கு ஆப்பிரிக்கப் பகுதி. அங்கே பெருமரங்களின் நிழலில், ஈரக்காற்றில் வளர்கிறது. ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் ஆர்க்கிட் வணிகம் செய்த ஃபிரெடரிக் சாண்டரின் (1847–1920) பெயர் இதற்குச் சூட்டப்பட்டது.

தைவானிலும் தென் சீனாவிலும் இது பெருமளவில் பயிராகிறது. ஃபெங் சுயி என்னும் சீன வாஸ்து நம்பிக்கையோடு சேர்ந்து உலகெங்கும் பரவியது. சுருள் தண்டு இயற்கையானதல்ல: ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் விழச் செய்து, செடியைச் சிறிது சிறிதாகத் திருப்பி அந்த வடிவத்தை உண்டாக்குகின்றனர். தண்டின் வெட்டிய நுனியில் இருக்கும் மெழுகு, ஈரம் வெளியேறாமலும் கிருமி புகாமலும் காப்பதற்காகப் பூசப்படுவது.

சமவெளியின் சூழல்

சேலமும் நாமக்கல்லும் கடினப்பாறைப் பகுதிகள். இங்கு நிலத்தடி நீர் பாறை இடுக்குகளில் நீண்ட காலம் தங்கித் தாதுக்களைக் கரைத்துக்கொள்கிறது. சேலம் நகருக்கு வடக்கேயுள்ள சுண்ணாம்புக் கரடு மேக்னசைட் கனிமத்துக்குப் புகழ்பெற்றது. இப்படிக் கரையும் தாதுக்களால் இரு மாவட்டங்களிலும் பல இடங்களில் போர் தண்ணீர் கடின நீராக இருக்கிறது. சில இடங்களில் ஃபுளோரைடு, குடிநீருக்கு இந்தியத் தரநிலை அனுமதிக்கும் உச்ச அளவான லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டுகிறது. மேட்டூர் அணையிலிருந்தும் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களிலிருந்தும் வரும் நல்ல தண்ணீரில் உப்பு குறைவு. ஆனால் குளோரின் கலந்திருக்கும்.

டிரசீனா இனங்கள் ஃபுளோரைடை எளிதில் தாங்குவதில்லை. வேர் உறிஞ்சும் ஃபுளோரைடு நீரோடு மேலேறி, நீர் ஆவியாகும் இலை நுனியிலும் ஓரத்திலும் தங்கி அங்குள்ள திசுவைக் கொல்கிறது. அக்னி நட்சத்திர நாட்களில் குவளை நீர் வேகமாக வற்றும். வற்ற வற்ற மேலே ஊற்றிக்கொண்டே இருந்தால் உப்பு மட்டும் சேர்ந்துகொண்டே போகும். குவளையின் உட்புறம் நீர்மட்டத்தையொட்டிப் படியும் வெள்ளை வளையம் அதன் அடையாளம்.

அறிகுறிகளும் காரணங்களும்

இலை நுனி பழுப்பாகிக் காய்வது ஃபுளோரைடு, உப்பு, குளோரின் அல்லது வறண்ட காற்றால் வருவது. இலை முழுதும் வெளிறி மஞ்சளானால் நேர் வெயிலோ மிகுந்த உரமோ காரணம். அடி இலை ஒன்றிரண்டு பழுத்து உதிர்வது இயல்பு. தண்டு அடியிலிருந்து மஞ்சளாகி, தொட்டால் கொழகொழத்தால் அது அழுகல். அந்தப் பகுதி மீண்டும் பச்சையாகாது. நல்ல வேர் செம்மஞ்சளாகவோ வெண்மையாகவோ உறுதியாக இருக்கும். அழுகிய வேர் கறுத்து, வழவழத்து, நாறும். இலைக்கணுவில் பஞ்சுபோல் ஒட்டியிருப்பது மாவுப்பூச்சி.

மீட்கும் முறை

1. செடியைக் குவளையிலிருந்து எடுத்து வேரை ஓடும் நீரில் கழுவ வேண்டும். கறுத்த வேர்களை ஸ்பிரிட்டில் துடைத்த கத்தரிக்கோலால் நறுக்க வேண்டும்.

2. பல தண்டுகள் சேர்த்துக் கட்டியிருந்தால் கட்டை அவிழ்த்து, அழுகிய தண்டை உடனே பிரிக்க வேண்டும். அதே நீரில் விட்டால் அழுகல் மற்றவற்றுக்கும் பரவும்.

3. குவளையையும் கூழாங்கற்களையும் தேய்த்துக் கழுவி வெந்நீரில் அலச வேண்டும்.

4. மழைநீர் அல்லது ஆர்.ஓ. நீர் ஊற்றுவது சிறந்தது. குழாய் நீரை ஓரிரவு திறந்து வைத்தால் குளோரின் பெருமளவு நீங்கும், ஃபுளோரைடு நீங்காது. கொதிக்க வைத்தால் நீர் குறைந்து அதன் செறிவு கூடும். ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் கழிவுநீரை இச்செடிக்கு ஒருபோதும் ஊற்றக் கூடாது. வடிகட்டப்பட்ட உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

5. வேர் மூழ்கும் அளவு நீர் போதும். வாரம் ஒரு முறை முழு நீரையும் மாற்ற வேண்டும்.

6. கிழக்கு ஜன்னல் அருகே, திரைக்குப் பின்னால் வைக்கலாம். மேற்கு வெயில், மொட்டை மாடி, ஏ.சி. காற்று நேராகப் படும் இடம் ஆகாது.

7. புது இலை வரும்வரை உரம் கூடாது. அதன்பின் 2 மாதத்துக்கு ஒரு முறை, மிக நீர்த்த திரவ உரம் ஒன்றிரண்டு சொட்டு போதும். சூப்பர் பாஸ்பேட் உரத்தில் ஃபுளோரைடு இருப்பதால் தவிர்க்க வேண்டும். நாமக்கல்லில் எளிதில் கிடைக்கும் கோழி எருவும் குவளைச் செடிக்கு ஒவ்வாது. நீரை நாறச் செய்து வேரைக் கெடுக்கும்.

மாவுப்பூச்சியை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைக்கலாம். கருகிய நுனியை இலையின் வடிவையொட்டி நறுக்கலாம். கருகிய இடம் தளிர்க்காது.

அடித்தண்டு முழுதும் அழுகினாலும் மேல்பகுதி பச்சையாக இருந்தால் செடி பிழைக்கும். அழுகலுக்குச் சற்று மேலே, உறுதியான பச்சைத் தண்டில், கணுவுக்குக் கீழாக வெட்டி நல்ல நீரில் நிறுத்தினால் சில வாரங்களில் அந்தக் கணுவிலிருந்து வேர் விடும்.

மண்ணுக்கு மாற்றுதல்

நீரில் அடிக்கடி நலியும் செடியைத் தொட்டிக்கு மாற்றலாம். செம்மண், மணல், தென்னைநார்க் கழிவு சேர்ந்த, நீர் தேங்காத கலவை ஏற்றது. தென்னைநார்க் கழிவில் உப்பு இருப்பதால் பலமுறை அலசிய பின்னரே சேர்க்க வேண்டும்.

கொசுவும் பாதுகாப்பும்

2001இல் சீனாவிலிருந்து கலிபோர்னியாவுக்குத் தண்ணீரில் வைத்து அனுப்பப்பட்ட லக்கி பாம்பூச் சரக்கில் ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசு சென்று சேர்ந்தது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, நல்ல தண்ணீர் தேங்கிய கலத்தின் உட்சுவரில் நீர்மட்டத்தையொட்டி முட்டையிடும். வெப்பமான காலத்தில் அந்த முட்டை ஏறக்குறைய ஒரு வாரம் முதல் 10 நாட்களில் முழுக் கொசுவாகிவிடும். வாரந்தோறும் நீரை மாற்றி உட்சுவரைத் தேய்த்துக் கழுவுவது செடியையும் வீட்டாரையும் ஒருசேரக் காக்கும். இலையைத் தின்றால் நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு என்பதால் அவற்றுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

லக்கி பாம்பூ வாடுவது வீட்டுக்கு வரும் கெடுதலின் அறிகுறியல்ல. பெரும்பாலும் குவளை நீர் கெட்டதன் அறிகுறி. தூக்கி எறியுமுன் தண்டில் பச்சைக் கணு ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை வெட்டி மழைநீரில் நிறுத்துங்கள். செடி பிழைக்க அது போதும்.