கல்முனையில் இட்ட வித்து
ஏ. எம். ஏ. அஸீஸும் கிழக்கிலங்கை முஸ்லிம்களின் கல்வியும்

ஒருவரின் நினைவை நிலத்தில் நிறுத்தும் வழிகள் பல. சிலை எடுப்பர், மண்டபம் கட்டுவர், வீதிக்குப் பெயரிடுவர். 2000ஆம் ஆண்டு தொட்டு மேனாட்டார் ஒரு புது வழி கண்டுள்ளனர். சிறு பெட்டியொன்றை ஓரிடத்தில் மறைத்து வைத்து, அவ்விடத்தோடு தொடர்புடைய பெரியாரின் வரலாற்றையும் இடத்தின் ஆயத்தொலைகளையும் தெரிவித்து, செய்மதியின் துணையோடு தேடிக் கண்டுகொள்ளுமாறு விட்டுவிடுகின்றனர். கிழக்கிலங்கை உழவர்க்குப் பெட்டியும் வேண்டியிருக்கவில்லை. நெல் விளையும் நிலப்பரப்பு ஒன்றுக்கு ‘அஸீஸ் துரைக் கண்டம்’ என்று பெயரிட்டுத் தம் நன்றியைத் தெரிவித்தனர். வெள்ளை அதிகாரிக்கே உரியதாயிருந்த ‘துரை’ என்னும் சொல்லை, யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையிற் பிறந்த தமிழ் பேசும் முஸ்லிம் ஒருவருக்கு அவர்கள் உரித்தாக்கியமை ஈண்டு நோக்கற்பாலது.

அபூபக்கர் முகம்மது அப்துல் அஸீஸ் (1911–1973), இராமகிருஷ்ண மிஷனின் வைத்தீசுவர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் பயின்றவர். 1935இல் இலங்கைச் சிவில் சேவையில் இடம்பெற்றார். அச்சேவையுட் புகுந்த முதல் இலங்கை முஸ்லிம் அவரே. 1942இல் அவரைக் கல்முனைக்குக் கொண்டுவந்தது உலகப் போர். பர்மா யப்பானியர் வசமாகவே, அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோயிற்று. ஏப்ரலிற் கொழும்பும் திருகோணமலையும் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. உணவு உற்பத்தியைப் பெருக்குதற்கென அக்காலத்து மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த கல்முனையில் அவசரகாலக் கச்சேரி திறக்கப்பட்டது. (அம்பாறை தனி மாவட்டமானது 1961இலேயே.) உதவி அரசாங்க அதிபராக வந்த அஸீஸின் கடமை நெல் விளைவித்தல். ஆனால் வயலிற் கண்டவர்களின் பிள்ளைகளைப் பற்றியும் அவர் எண்ணத் தலைப்பட்டார்.

அன்றைய நிலை யாது? கட்டணமில்லாக் கல்வி 1945இலேயே நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் ஆங்கிலக் கல்வி, கட்டணம் செலுத்த வல்லார்க்கே கிட்டிற்று. உயர்ந்த ஆங்கிலப் பாடசாலைகளை நாடிய கல்முனைச் சிறுவன், ஏறத்தாழ 25 மைல் தொலைவிலுள்ள மட்டக்களப்புக்குச் செல்லவேண்டியிருந்தது. அவற்றுட் பல கிறித்தவ மிஷனரிமாரின் பாடசாலைகள். சமய அச்சங் காரணமாகவும் முஸ்லிம் பெற்றோர் தயங்கினர். அறுவடைக் காசு கையிலிருந்தாலும் மகனை அனுப்ப மனம் வருவதில்லை. வறுமையை மட்டுமே காரணமாகக் காட்டுவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

இவ்வேளையில் அவருக்குக் கிடைத்த நட்புகள் இரண்டு. ஒன்று, கல்முனைக்கு அருகே காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளின் நட்பு. மற்றையது, காத்தான்குடிக் கவிஞர் அப்துல் காதர் லெப்பையின் நட்பு. அடிகள் வடக்கிலும் கிழக்கிலும் இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளை வளர்த்தவர்; 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியரானார். மிஷன் பாடசாலையிற் பயின்ற அஸீஸுக்கு, ஒரு சமூகம் தன் கையாலேயே தன் கல்வியைக் கட்டியெழுப்புதல் புதுமையன்று. அம்முறையைத் தம் சமூகத்திற் செய்துகாட்டும் துணிவு கல்முனையிலேதான் பிறந்தது எனலாம். 1942இல் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் தோன்றிற்று. மூன்றாண்டுகளின் பின், 1945இல், கொழும்பில் இலங்கை முஸ்லிம் புலமைப் பரிசில் நிதியம் நிறுவப்பட்டது. நிதியத்தின் வரலாற்றைக் கொழும்பிலிருந்தே தொடங்குவது பலரின் வழக்கம். அது சரியன்று. நாடு முழுவதற்கும் விரிந்த அத்திட்டத்தின் வித்து, நெற்காணி பங்கிட்ட இக்கச்சேரியின் காலத்தில் இங்கு இடப்பட்டது.

சுதந்திரமும் கல்வியும் ஒன்றையொன்று எவ்வாறு பற்றி நின்றன என்பதற்குக் கொழும்பு ஸாஹிறாக் கல்லூரி சான்று. 1921இல் அதன் அதிபரான ரி. பி. ஜாயா, 1945இல் டொமினியன் அந்தஸ்துக் கோரிக்கை அரசாங்க சபையில் எழுந்தபோது, சமூகச் சலுகைகளை நிபந்தனையாக்காது சுதந்திரத்தை ஆதரித்தவர். அவருக்குப் பின் 1948இல் அப்பதவியை ஏற்றவர் அஸீஸ். காலத்தை நோக்குக. வெள்ளையர் விட்டுச்சென்ற உயர் ஆசனங்கள் சுதேசிச் சிவில் சேவையாளருக்காகக் காத்திருந்த ஆண்டு அது. அந்த ஆண்டிலேயே அவர் சேவையைத் துறந்து பள்ளிக்கூடத்துக்குப் போனார். எதிர்காலத்தைக் கணக்கிட்டு வாழ்வோர்க்கு இது விளங்காத செயல். 1961 வரை அவர் அதிபராயிருந்தார். அக்காலத்து ஸாஹிறா தமிழர்க்கும் தாயகமாயிற்று, பேராசிரியர் கா. சிவத்தம்பி அங்குப் பயின்று, பின்னர் அங்கேயே கற்பித்தவர்.

1952 முதல் செனற் சபை உறுப்பினராகவும் இருந்த அஸீஸ், 1956இல் சிங்களம் மட்டும் என்னும் கொள்கையைத் தம் கட்சி ஏற்றபோது அதிலிருந்து விலகினார். இலங்கை முஸ்லிம்களின் தாய்மொழி தமிழே என்பதிலும், அரபுத் தமிழ் மரபு பேணற்குரியது என்பதிலும் அவர் உறுதியாயிருந்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1980இல் அவர் மறைவுக்குப் பின் இலக்கிய கலாநிதிப் பட்டம் வழங்கியது.

கல்முனைக் காலத்து எழுத்துச் சான்றுகளைத் திரட்டும் பணி இன்னும் காத்திருக்கின்றது. 2004 டிசம்பர் 26இல் மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களைக் கடல் வாரியபோது வீடுகளோடு பெட்டகங்களும் போயின. அவற்றுட் கிடந்த கடிதங்களையும் சான்றிதழ்களையும் யார் கணக்கிடுவார்? அச்சங்கத்தின் உதவியால் முதன்முதல் ஊர் விட்டுப் படிக்கச் சென்றவர்கள் எவரெவர், அவர்கள் தத்தம் கிராமங்களுக்குத் திரும்பி என்ன செய்தனர் என்பவற்றை, அக்குடும்பங்களின் முதியோர் நம்மிடையே இருக்கும்போதே கேட்டெழுத வேண்டும். ஒலுவிலில் 1995 முதல் உயர்கல்வி நிலையம் ஒன்று இருக்கின்றது. அங்குள்ள மாணவர்க்கு இது ஒரு நாட் பயணத் தொலைவிலுள்ள வேலை.