சுங்கம் போய்ச் சீட்டு வந்த கதை

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் சாலை, அடிவாரம் என்று பெயரிலேயே தன் இருப்பிடத்தைச் சொல்லும் ஊரில்தான் சேர்வராயன் மலையைத் தொடுகிறது. அதற்கு மேல் இருபது கொண்டை ஊசி வளைவுகள். கோடை விடுமுறை நாள்களில் இங்கே வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருப்போர் பேச்சில் தவறாமல் அடிபடுவது இரண்டு: அனுமதிச் சீட்டு, அபராதம். காசு கேட்பவர் யார், எந்தச் சட்டப்படி கேட்கிறார் என்ற கேள்விக்குப் பெரும்பாலும் தெளிவான விடை கிடைப்பதில்லை. நமக்கும் கிடைத்ததில்லை.

இந்த எரிச்சல் மோட்டார் வண்டியைவிட மூத்தது. 1884-ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம், வண்டிகள் மீதும் விலங்குகள் மீதும் வரி விதிக்கவும் சுங்கம் தண்டவும் நகராட்சிகளுக்கு உரிமை அளித்தது. சேலம் நகராட்சி அதற்கும் முந்தையது, 1866-இல் தோன்றியது. சந்தைக்கு வரும் மாட்டுவண்டிக்காரர், ஊர் எல்லையிலேயே தம் முதல் செலவைச் செய்தார். கோவையின் சுங்கம், திருச்சிக்கு வடக்கே நம்பர் ஒன் டோல்கேட், சென்னையில் தண்டையார்பேட்டை டோல்கேட் ஆகியவை இன்று பேருந்து நிறுத்தங்களின் பெயர்கள். கம்பமும் தடையும் போய்விட்டன. பெயர் மட்டும் இறங்க மறுக்கிறது.

மோட்டார் வந்ததும் சிக்கல் முற்றியது. மாட்டுவண்டி ஒரு நாளில் ஓர் எல்லையைக் கடக்கும். மோட்டாரோ நாலைந்தைக் கடந்துவிடும். சாலைச் செலவுக்கு வழி காண 1927-இல் எம்.ஆர்.ஜெயகர் தலைமையில் ஒரு குழு அமைந்தது. 1929-இல் பெட்ரோல் மீது கூடுதல் தீர்வை வந்தது. சென்னை மாகாணம் இன்னும் ஓரடி முன்னே வைத்தது. 1931-ஆம் ஆண்டின் மோட்டார் வண்டி வரிச் சட்டம், உள்ளாட்சிகளின் சுங்கச்சாவடிகளை ஒழித்து, மாகாணம் முழுவதற்கும் ஒரே வரியை ஏற்படுத்தியது. வருவாய் இழந்த நகராட்சிகளுக்கு அரசு ஈட்டுத்தொகை தந்தது. நம் நிர்வாக வரலாற்றில் இத்துணை எளிய, நேர்மையான சீர்திருத்தங்கள் அதிகமில்லை என்பது நம் எண்ணம். அதைப் பற்றி எவரும் பேசுவதில்லை என்பது வேறு விஷயம்.

ஆனால் எட்டே ஆண்டுகளில் வேறொரு சீட்டு வந்தது. 1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பேருந்தும் லாரியும் ஓட்ட 'பர்மிட்' கட்டாயம் என்றது. எந்தத் தடத்தில் யார் ஓட்டுவது என்பதைப் போக்குவரத்து அதிகாரிகள் தீர்மானித்தனர். இவ்விடத்தில் ராஜாஜியை நினைக்காமல் இருக்க முடியாது. சேலத்தில் வழக்கறிஞராக வாழ்ந்து, 1917-இல் அந்நகராட்சியின் தலைவராகி, உள்ளூர் வரியின் தேவையை உள்ளிருந்தே அறிந்தவர் அவர். 1959-இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, 'பர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம்' என்று சாடியவரும் அவரே. வரியை மக்கள் பொறுப்பார்கள். அதிகாரியின் விருப்பத்தைத்தான் பொறுக்கமாட்டார்கள்.

அபராதமும் வளர்ந்தது. 2019-இல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டது. 2022 அக்டோபரில் தமிழ்நாடு அதைப் பின்பற்றியபோது, தலைக்கவசம் இன்றிச் செல்வோருக்கு நூறு ரூபாயாக இருந்த தண்டம் ஆயிரமானது.

மலைகளுக்கோ தனி நியாயம் உண்டு. 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்ல இ-பாஸ் வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. 2025 கோடைக்கு எண்ணிக்கையும் வரையறுக்கப்பட்டது: நீலகிரிக்கு வாரநாளில் 6000, வார இறுதியில் 8000 வண்டிகள், கொடைக்கானலுக்கு 4000, 6000. உள்ளூர்வாசிகளுக்கும் பேருந்துகளுக்கும் விலக்கு உண்டு. நாம் இதை எதிர்க்கவில்லை. நகராட்சி எல்லைச் சுங்கம் பணப்பெட்டிக்காக. இது, குறைந்தபட்சம் சொல்லளவிலேனும், மலைக்காக.

அந்த ஆணையில் ஏற்காடு இல்லை. என்றேனும் சேர்க்கப்பட்டால், குப்பனூர் வழியாக ஏறும் மற்றொரு சாலையிலும் காவல் வேண்டியிருக்கும். காப்பியும் மிளகும் ஏற்றிக்கொண்டு சேலத்துக்கு இறங்கும் மலையாளிப் பழங்குடியினரின் வண்டி, மாலையில் வீடு திரும்பும்போது, எந்தச் சாளரத்தில் நின்று தான் உள்ளூர்தான் என்று மெய்ப்பிக்க வேண்டும் என்பதையும் ஆணை எழுதுவோர் அப்போதே எழுதிவிட வேண்டும்.