ஈரத்தால் வரும் என்ஜின் மிஸ்ஸிங்: பற்றவைப்பு முறையின் வரலாறு

பெட்ரோல் காரின் பற்றவைப்பு உறுப்புகளில் ஈரம் படிந்தால் ஒன்றிரண்டு சிலிண்டர்களில் எரிதல் தவறும். வண்டி குலுங்கித் திணறும். சில நேரம் கிளம்பவே மறுக்கும். தமிழ்நாட்டுப் பட்டறைகளில் இதை 'மிஸ்ஸிங்' என்பர். அம்பாசிடர், பியட், ஸ்டாண்டர்டு கார்கள் ஓடிய காலத்தில் மழைநாட்களில் அடிக்கடி கண்ட கோளாறு இது. டிஸ்ட்ரிபியூட்டர் இல்லாத கார்கள் வந்தபின் பெரும்பாலும் மறைந்தது.

பொறி உண்டாகும் விதம்

பழைய கார்களில் பேட்டரியின் 12 வோல்ட் மின்சாரம் இக்னிஷன் காயிலுக்குச் செல்லும். 'பாயிண்ட்' எனப்படும் தொடுமுனைகள் திறக்கும் நொடியில் காயிலில் பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் பிறக்கும். அது தடித்த ஒயர் வழியே டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவில் இறங்கும். உள்ளே சுழலும் ரோட்டர் அதை முறைப்படி ஒவ்வொரு பிளக்கின் ஒயருக்கும் பகிர்ந்து கொடுக்கும்.

சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோல் ஆவியும் அழுத்தப்பட்டிருப்பதால், திறந்த வெளியில் தேவைப்படுவதைவிட அதிக மின்னழுத்தம் இருந்தால்தான் பிளக்கின் இடைவெளியில் பொறி தாவும். அந்த அளவை எட்டுவதற்குள் வேறு எளிய வழி கிடைத்தால் மின்சாரம் அவ்வழியே கசிந்து என்ஜின் உடலில் இறங்கிவிடும். நனைந்த மூடியும் ஒயரும் அந்த வழியைத் திறந்துவிடுகின்றன. மேட்டில் ஏறும்போதும் ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போதும் மிஸ்ஸிங் கூடுவதற்குக் காரணமும் இதுவே: அப்போது சிலிண்டருக்குள் அழுத்தம் மிகுந்து, பொறிக்கு வேண்டிய மின்னழுத்தமும் உயர்கிறது.

கரிசல் தூசியும் முதல் மழையும்

கோவில்பட்டி, கயத்தாறு, எட்டயபுரம் உள்ளிட்ட கரிசல் வட்டாரம் ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும். மழையின் பெரும்பங்கு வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில், ஐப்பசி கார்த்திகையில் பெய்யும். மதுரை–திருநெல்வேலி நெடுஞ்சாலை கயத்தாறு வழியாகச் செல்கிறது. முன்பு தேசிய நெடுஞ்சாலை 7 ஆக இருந்த அது இப்போது 44 என்ற எண்ணைப் பெற்றுள்ளது.

வறண்ட ஊரில் ஈரக் கோளாறுக்கு இடமில்லை என்று தோன்றலாம். ஆனால் தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். அதில் தூசியும் உப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் கலந்தால்தான் கசிவு பெருகும். கோடை முழுவதும் மூடியின் மேல் படிந்த புழுதி காய்ந்திருக்கும்வரை தொல்லை தருவதில்லை. முதல் மழையின் சாரலோ விடியற்காலைப் பனியோ பட்டவுடன் அதுவே மின்சாரம் ஓடும் பாதையாகிறது. வெயிலில் வெடித்த ரப்பர் உறைகளும் ஒயர்களும் நீரை உள்ளே விடுகின்றன. மழைநாளில் வெளிப்படும் கோளாறு வெயில்நாளிலேயே உருவாகத் தொடங்கியிருக்கும்.

இதே வறட்சிதான் கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டித் தொழிலுக்குத் துணையானது. தீக்குச்சி மருந்தும் ஈரம் பட்டால் பற்றாது.

உலக வரலாறு

1860இல் பாரிஸில் லெனுவார் செய்த எரிவாயு என்ஜினிலேயே மின்பொறி பயன்பட்டது. 1886இல் காப்புரிமை பெற்ற கார்ல் பென்ஸின் மூன்று சக்கர வண்டியும் மின்பொறியை நம்பியது. டைம்லரோ பழுக்கக் காய்ச்சிய குழாயைக் கொண்டு எரிபொருளைப் பற்றவைத்தார். 1902இல் ராபர்ட் பாஷ் நிறுவனத்தின் பொறியாளர் காட்லோப் ஹோனோல்டு உயர் மின்னழுத்த மேக்னட்டோவை உருவாக்கினார். பேட்டரியும் காயிலும் கொண்ட முறையை அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் செம்மைப்படுத்தினார். 1910ஆம் ஆண்டு மாடல் காடிலாக் கார்களில் அது இடம்பெற்றது. பின்வந்த பல பத்தாண்டுகளுக்கு உலகின் பெரும்பாலான பெட்ரோல் கார்கள் இம்முறையிலேயே ஓடின.

ஈரம் ஒரு வடிவமைப்பையே சோதித்த நிகழ்வும் உண்டு. 1959இல் பிரிட்டனில் வெளிவந்த மினி காரில் என்ஜினைக் குறுக்காக வைத்தனர். டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்கக் கம்பித்தட்டிக்கு நேர் பின்னால் அமைந்தது. மழையில் சாலைநீர் அதன்மேல் அடித்து வண்டிகள் நின்றன. நீரைத் தடுக்கும் உறைகள் பின்னர் சேர்க்கப்பட்டன. கார் ஓட்டிகள் ஈரத்தை விரட்டத் தெளித்த டபிள்யூ.டி-40 என்ற எண்ணெய், 1953இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் துருத் தடுப்புக்காக உருவாக்கப்பட்டது. 'நீரை விலக்குதல்' என்பதே அந்தப் பெயரின் பொருள்.

தமிழ்நாட்டில்

திருக்குறுங்குடியில் பிறந்த டி. வி. சுந்தரம் அய்யங்கார் 1911இல் தொடங்கிய டி.வி.எஸ். நிறுவனம் தென் தமிழகத்தின் மோட்டார் போக்குவரத்துக்கு அடித்தளம் இட்டது. பிரிட்டனின் லூகாஸ் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து 1961இல் லூகாஸ்-டி.வி.எஸ். உருவானது. சென்னை பாடியிலுள்ள அதன் ஆலை மோட்டார் வண்டிகளுக்கான மின்சாதனங்களைச் செய்தது. 1951இல் தொடங்கிய மைக்கோ நிறுவனம் பெங்களூரில் பிளக்குகளைத் தயாரித்தது.

டீசல் என்ஜினில் பொறியே கிடையாது. காற்றை அழுத்துவதால் உண்டாகும் சூட்டில் எரிபொருள் பற்றுகிறது. அதனால் டீசல் லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் மழையில் இத்தொல்லை இல்லை. பெட்ரோல் கார்களே சாலையோரம் நின்றன.

சரிசெய்த முறை

இருட்டில் பானட்டைத் திறந்து என்ஜினை ஓடவிட்டால், கசியும் இடத்தில் நீலப் பொறிகள் ஊர்வது தெரியும். எந்தச் சிலிண்டர் தவறுகிறது என்று அறிய, காப்பிட்ட பிடியால் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுவர். எதைக் கழற்றினாலும் என்ஜின் சத்தம் மாறும்; வேலை செய்யாத சிலிண்டரின் ஒயரைக் கழற்றினால் மட்டும் மாறாது.

பின் என்ஜினை நிறுத்தி, மூடியின் உட்புறம், வெளிப்புறம், ரோட்டர், காயிலின் முனை, ஒயர்கள், பிளக்கின் வெள்ளைப் பீங்கான் ஆகியவற்றை உலர்ந்த துணியால் துடைப்பர். ஒயர்களைக் கழற்றுமுன் வரிசை குறித்துக்கொள்வது வழக்கம். அம்பாசிடரின் எரிவரிசை 1-3-4-2. இரண்டு ஒயர்கள் மாறினால் புதிய கோளாறு தொடங்கும். வண்டி ஒருமுறை கிளம்பிவிட்டால் என்ஜின் சூடே மிச்ச ஈரத்தை உலர்த்தும்.

மூடியின் உள்ளே தலைமுடி போல மெல்லிய கரிக்கோடு விழுந்திருந்தால் துடைப்பதால் பயனில்லை. கசிந்த மின்சாரம் மூடியின் பரப்பைக் கரித்து நிலையான பாதையை உண்டாக்கியிருக்கும்; மூடியை மாற்றியாக வேண்டும். அதைக் கவனியாமல் தொடர்ந்து ஓட்டினால், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவித் தேய்மானத்தைக் கூட்டும்.

மறைவு

1983இல் வந்த மாருதி 800 காரிலும் தொடக்கத்தில் டிஸ்ட்ரிபியூட்டர் இருந்தது. மின்னணுப் பற்றவைப்பு முதலில் தொடுமுனைகளை நீக்கியது. 2000ஆம் ஆண்டை ஒட்டிப் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையாகி, கணினி கட்டுப்படுத்தும் எரிபொருள் செலுத்தல் பரவியபோது டிஸ்ட்ரிபியூட்டரும் படிப்படியாக விலகியது. இன்றைய பல கார்களில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனிக் காயில் அமர்ந்திருக்கிறது. உயர் மின்னழுத்தம் நீண்ட ஒயரில் பயணிக்காமல் சில அங்குலத் தொலைவே கடக்கிறது.

கோளாறு முற்றிலும் ஒழியவில்லை. பிளக் குழியில் நீர் தேங்கினாலோ காயிலின் ரப்பர் உறை வெடித்தாலோ இன்றும் மிஸ்ஸிங் வரும். அதனால் வெளியேறும் பெட்ரோல், புகைக்குழாயிலுள்ள வினையூக்கி மாற்றியையும் சூடேற்றிக் கெடுக்கும். மழைக்காலத்துக்கு முன்பே உறைகளையும் ஒயர்களையும் சோதிக்கும் பழைய வழக்கம் இதனால் இன்றும் பொருந்துகிறது.