பேட்ச்: துளையை மூடிய துண்டு

சர்வர்களைப் பார்த்துக்கொள்பவர்கள் மாதாமாதம் கேட்கும் கேள்வி, "பேட்ச் போட்டாச்சா?" கிழிந்த துணியில் வைத்துத் தைக்கும் ஒட்டுத் துண்டுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர்தான் பேட்ச். கணினி உலகத்துக்குள் அது வந்ததும் ஒட்டுத் துண்டாகவேதான்.

1944-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வேலைசெய்யத் தொடங்கிய மார்க் 1 கணினி, தன் ஆணைகளைக் காகிதச் சுருளிலிருந்து படித்தது. சுருளின் குறுக்கே ஒரு வரிசையில் 24 துளைகளுக்கு இடம் இருந்தது. வேண்டாத இடத்தில் துளை விழுந்துவிட்டால், அதன்மேல் ஒரு சிறு துண்டை ஒட்டி மூடுவார்கள். அப்படி ஒட்டுப்போட்ட சுருள் ஒன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் காப்பகத்தில் இருக்கிறது. பிற்காலத்தில் பிழை பெரிதாக இருந்தால் சுருளையே வெட்டி, திருத்திய பகுதியை இடையில் ஒட்டினார்கள்.

சுருள் வழக்கொழிந்த பிறகும், நிரலின் பிழையைத் திருத்தும் மாற்றத்துக்கு அந்தப் பெயர் நிலைத்தது. 1970-களில் பெல் ஆய்வகத்தில் டக்ளஸ் மெக்கில்ராய் யூனிக்ஸ் இயங்குதளத்துக்காக 'டிஃப்' என்ற நிரலை எழுதினார். இரண்டு கோப்புகளை ஒப்பிட்டு, வேறுபடும் வரிகளை மட்டும் அது எடுத்துக் காட்டும். 1985-இல் லாரி வால் எழுதிய நிரல் அந்த வேறுபாட்டுப் பட்டியலை வாங்கிப் பழைய கோப்பைப் புதியதாக்கியது. அதற்கு 'பேட்ச்' என்றே பெயர் வைத்தார். நம் பிரதியில் நாம் சில வரிகளைச் சேர்த்திருந்தாலும், அக்கம்பக்கத்து வரிகளை அடையாளமாகக் கொண்டு திருத்தம் போய்ச் சேரவேண்டிய இடத்தை அது தேடிப் பிடிக்கும். முகமறியாதவர்கள் கூடி மென்பொருள் எழுத முடிந்ததில் இந்தச் சின்ன நிரலுக்குப் பெரிய பங்கு உண்டு. லினக்ஸ் கெர்னலுக்கான திருத்தங்கள் இன்றும் இதே வடிவில் மின்னஞ்சலில் போகின்றன.

பேட்சைத் திறந்து பார்த்தால், நீக்கும் வரியின் முன்னால் கழித்தல் குறி, சேர்க்கும் வரியின் முன்னால் கூட்டல் குறி. 256 இடங்கள் கொண்ட ஓர் அடுக்கை எடுத்துக்கொள்வோம். இடங்களின் எண் சுழியத்தில் தொடங்கி 255-இல் முடியும். நிரலில் '256 வரை அனுமதி' என்று தவறாக இருந்ததை '256-க்குக் கீழே மட்டும்' என்று திருத்தினால் போகிற எழுத்து ஒரே ஒரு சமக்குறி. அதைப் படிக்கும் திருடனுக்கோ, திருத்தாத கணினியில் 256 என்று கொடுத்தால் அடுக்குக்கு வெளியே கைவைக்கலாம் என்பது புரிந்துவிடும். மூல நிரலை வெளியிடாத நிறுவனங்களின் பேட்சையும், முந்தைய பிரதியோடு ஒப்பிட்டு இப்படியே படித்துவிடுகிறார்கள். ஒட்டு எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஓட்டை.

2003 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட், மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமையைப் பேட்சுக்கென ஒதுக்கியது. அது 'பேட்ச் ட்யூஸ்டே' ஆனது. பேட்சைப் படித்து ஓட்டையைப் பயன்படுத்திக்கொள்கிறவர்களை நினைத்து, மறுநாளுக்கு 'எக்ஸ்ப்ளாய்ட் வெட்னஸ்டே' என்று துறையினரே பெயரிட்டார்கள்.

கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை என்ற தீநிரல் பயன்படுத்திய விண்டோஸ் ஓட்டைக்கான பேட்ச் 2017 மார்ச் 14-இல் வந்துவிட்டது. தாக்குதல் மே 12-இல். இடையில் 59 நாள். பிரிட்டன் மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போயின. அங்கே பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை பேட்ச் போடாத விண்டோஸ் 7 கணினிகள். இதைச் சோம்பேறித்தனம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பேட்ச் போட்டால் ஏதாவது ஒரு பழைய மென்பொருள் நின்றுபோகலாம். நோயாளி காத்திருக்கும் இடத்தில் ஸ்கேன் கருவியின் கணினியை அணைத்துப் போட நேரம் குறிக்க வேண்டும். அந்த நேரத்தை ஒதுக்கும் அதிகாரம் பேட்ச் போடுகிறவரிடம் இருப்பதில்லை.